கால் மில்லிகிராம்

பத்தூமியில் மழை ஓயாது.
நள்ளிரவில் வீடு திரும்பிய ஜும்பெரின் கோட்டு
நனையாமல் இருந்ததை
நான் பார்த்தேன், உறைக்கவில்லை.
டாக்ஸியில் வந்திருக்கிறான்,
முப்பத்தொரு வருடம் துறைமுகத்திலிருந்து
நடந்தே வந்தவன்.

எடைமேடையில் எழுத்தர்.
ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை.
எதிர்வீட்டு ஒதாரோடு நார்டி ஆடினால்
தீக்குச்சி வைத்துக்கூடப் பந்தயம் கட்டமாட்டான்.
காய் உருளட்டும், காசு உருளக்கூடாது என்பான்.

முதலில் உருண்டது அவன் வலது கட்டைவிரல்தான்.
இல்லாத ஒரு ரொட்டித் துணுக்கை
நாள் முழுக்க உருட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் இர்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம்
ஒரு மூளை வரைந்தாள், அவரைவிதை போல.
அடியில் பேனாவால் அழுத்தித் தேய்த்து
ஒரு சின்னக் கருந்திட்டு.
"நம் கடலுக்குப் பெயரில்தான் கருப்பு.
இது நிஜமாகவே கருப்பு.
இந்த நோயில் வெளுத்துப்போகும்."
டோபமைன் என்றாள்.
சுரக்காததை மாத்திரை ஈடுகட்டும் என்றாள்.
கால் மில்லிகிராம், மூன்று வேளை.
பிறகு அரை. பிறகு ஒன்று.

மூன்றாம் மாதம்
சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டான்.
சமையலறையில் என்னைச் சுழற்றினான்.
எனக்கொரு சிவப்புக் கோட்டு வாங்கினான், விலை கேட்காமல்.
காய்கறிக் கடையில், எல்லோரும் பார்க்க,
கழுத்தில் முத்தமிட்டான்.
அறுபத்து மூன்று வயதில்.
மாத்திரை டப்பாவுக்கு நான் நன்றி சொன்னதை
யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு என் அம்மாவின் வெள்ளி இடுப்புப்பட்டை
அடகுக்கடை ஜன்னலில் இருந்தது.
இத்தாலியில் யார் யாரையோ குளிப்பாட்டி
ஹதூனா அனுப்பிய பணம்
வங்கியில் இல்லை.

ஒரு நாள் பின்னாலேயே போனேன்.
கண்ணாடிச் சுவருக்கு அப்பால்
சூதாட்டப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.
இரண்டு செர்ரி, ஒரு மணி.
இரண்டு செர்ரி, ஒரு எலுமிச்சை.
பொத்தானை அழுத்திய கை நடுங்கவே இல்லை.
பணத்தை மன்னித்துவிடலாம். அந்தக் கையை
என்னால் மன்னிக்க முடியவில்லை.

நரம்பில்லாத நாக்கு என்பார்கள்.
அன்றிரவு நான் பேசியதை
ஒதார் வீட்டு நாய்கூடக் கேட்டது.
பாதிரியார் சாத்தான் என்றார்.
என் அண்ணன் ரத்தம் என்றான்:
இவன் தாத்தா சீட்டாட்டத்தில் எருமையை விட்டவராம்.
நானும் தலையெழுத்து என்று விட்டிருப்பேன்.
எழுத்தோ
மாத்திரையோடு வந்த தாளின் நான்காம் மடிப்பில்
எறும்பைவிடச் சிறிதாக அச்சாகியிருந்தது.

"அவர் ஆடவில்லை" என்றாள் இர்மா.
"சிலருக்கு இப்படி ஆகும். மருந்துதான் ஆடியது."

அப்போது
காய்கறிக் கடையில் முத்தமிட்டது யார் என்று கேட்டேன்.
அவள் மேஜைக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள்.

அளவைக் குறைத்தார்கள், வாரத்துக்குக் கொஞ்சமாக.
சூது உதிர்ந்தது, ஈரச்சுவர்க் காரை போல,
ஓர் ஓசையுமில்லாமல்.
விரல் திரும்பி வந்தது. நடை குறுகியது.
முகம், மாவு பூசி வைத்த மாதிரி.
டாக்ஸிகளை அவன் மீண்டும் வெறுக்கிறான்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்து
எடைமேடை வழக்கப்படி மூன்று பத்தி போட்டான்:
மொத்த எடை. வண்டியின் எடை. சரக்கின் எடை.
இழந்தது முழுவதையும் முதல் பத்தியில் எழுதினான்,
ஒரு காசு விடாமல்.
இதில் மருந்து எவ்வளவு, நான் எவ்வளவு என்றான்.
வண்டியைத் தனியாக ஒருமுறை நிறுத்தாமல்
சரக்கைச் சொல்ல முடியாதாம்.
மற்ற இரண்டு பத்தியும் காலி.

நேற்று அந்தச் சிவப்புக் கோட்டை விற்றுவிடலாம் என்றான்,
பாதிக் கடனாவது அடையும்.
மாட்டேன் என்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
மேஜைமேல் அவன் கட்டைவிரல்
எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.
வெளியே மழை.
கோட்டைப் போட்டுக்கொண்டு ரொட்டி வாங்கப் போனேன்.